ஆணி தாங்கும் சுவர்

அமிர்தவல்லியின் வீட்டில் தணிகாசலத்தின் படம் கீழே விழுந்தது ஒரு வியாழக்கிழமை. படம் மட்டும் விழுந்திருந்தால் பரவாயில்லை. ஆணியும், ஆணியைப் பிடித்திருந்த காரையும், அதைச் சுற்றி இரண்டு கை அகலத்துக்குச் சுவரும் சேர்ந்து வந்துவிட்டன. அவள் அப்போதுதான் தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் ஏலம் எடுத்த கொடுவா மீன் கூடையை வாசலில் இறக்கி வைத்துவிட்டு, செம்பைத் தூக்கித் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தாள். சத்தம் கேட்டுத் திரும்பினால், செத்துப் பல வருஷமான புருஷன் கண்ணாடிச் சில்லுகளுக்கு நடுவில் மல்லாந்து கிடந்து சிரிக்கிறான்.

"நல்லா இருக்குது உன் கூத்து" என்று படத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டு, துடைப்பத்தை எடுத்தாள்.

அவள் அப்படித்தான். துறைமுகத்தில் ஏலம் கூறுகிறவனே அமிர்தவல்லி வந்து நின்றால் குரலைக் கொஞ்சம் இறக்கிக்கொள்வான். செவுளைத் தூக்கிப் பார்க்காமல் ஒரு மீனையும் எடுக்கமாட்டாள். பெரிய மார்க்கெட்டில் அவள் உட்காரும் இடத்தில் இன்னொருத்தி கூடை வைத்ததாக யாருக்கும் ஞாபகமில்லை. "மீனு நேத்துதா அக்கா?" என்று யாராவது வாய்தவறிக் கேட்டுவிட்டால் போதும், சுற்றி இருக்கிறவர்கள் வேலையைப் போட்டுவிட்டு வேடிக்கை பார்க்க வந்துவிடுவார்கள். தணிகாசலம் படகில் போனான், மீன் கொண்டுவந்தான், அவ்வளவுதான். அதை விற்று வீடாக்கியது அவள். மேல்தளம் போட்ட அன்றைக்கு, வயிற்றில் சுமலதா இருக்க, எல்லோரும் தடுக்கத் தடுக்க, முதல் சட்டிக் கலவையைத் தூக்கிக் கொடுத்ததும் அவள்தான். புருஷன் மஞ்சள் காமாலையில் போன பிறகும், அந்த வீட்டை விட்டு வேறு எங்கேயும் போய்ப் படுத்தவள் இல்லை.

ஆனால் வீட்டுக்கும் வயசாகியிருந்தது. உப்புக் காற்று சும்மா விடுமா? சுவரில் அங்கங்கே உப்பு பூத்துக் காரை பொரிந்திருந்தது. ஹாலில் தலைக்கு மேலே, ஃபேனைச் சுற்றி, தளத்தில் கறுப்பாக ஒரு திட்டு. போன மழைக்கு அதிலிருந்து கொஞ்சம் கொட்டியிருந்தது. மார்க்கெட்டுக்குப் போகிற அவசரத்தில் அதைக் கூட்டித் தள்ளிவிட்டு, பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டிருந்தாள்.

படம் விழுந்த செய்தி சாயங்காலத்துக்குள் பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டது. பக்கத்து வீடு வெற்றிவேலுடையது. தணிகாசலத்தின் தம்பி. அப்பா விட்டுப்போன மனையை அண்ணன் தம்பி இருவரும் பாதிப்பாதியாகப் பிரித்துக்கொண்டு வீடு கட்டியவர்கள். இப்போது அந்த மனையை வாங்க ஒரு பில்டர் வந்திருந்தான். இரண்டு பாதியும் சேர்ந்தால் அடுக்குமாடி கட்டலாம், ஒரு பாதி மட்டும் என்றால் அகலம் போதாது, வேண்டாம் என்று அந்த பில்டர் சொல்லிவிட்டான். அதிலிருந்து வெற்றிவேலுக்கு அண்ணி மேல் திடீரென்று பாசம் பொங்க ஆரம்பித்திருந்தது.

வாசற்படிக்கு வெளியிலேயே நின்று பேசினான். உள்ளே கால் வைக்கவில்லை.

"அண்ணி, அண்ணன் படமே வுழுந்திருக்குது. அவரே சொல்றாரு, இந்த வூடு இனிமே வேணாம்னு."

"உயிரோட இருந்தப்பவே அவரு எங்கிட்ட ஒண்ணும் சொன்னதில்ல. இப்ப உங்ககிட்ட வந்து சொன்னாராக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க. மாசியில தெவசம் வருது. இந்த வருசம் எங்க வூட்ல படையல் போட்டுருவோம். சாதி சனம் வந்து உக்காந்திருக்கறப்ப தளம் வுழுந்தா யாரு பதில் சொல்றது?"

அமிர்தவல்லிக்கு அதுவரை வராத கோபம் அப்போதுதான் வந்தது. தணிகாசலத்தின் படையல் அந்த ஹாலில், அந்தச் சுவருக்கு முன்னால்தான் போடுவது வழக்கம். அவனுக்குப் பிடித்த சுறாப்புட்டு, கொடுவாக் குழம்பு, எல்லாம் அங்கேதான் இலையில் வைப்பாள். படையல் ஒரு தடவை அடுத்த வீட்டுக்குப் போனால், அந்த வீடு மனுஷர் இருக்க லாயக்கில்லை என்று அவளே ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அப்புறம் எந்த வாயால் விற்க மாட்டேன் என்று சொல்வாள்?

"படையல் இங்கதான். நீங்க வந்தா வாங்க, வராட்டி போங்க" என்றாள்.

அவன் திரும்பிப் போனான். பேச வேண்டிய இடத்தில் ஏற்கெனவே பேசிவிட்டுத்தான் வந்திருந்தான். வீடு அம்மா, மகள் இருவர் பேரிலும் இருந்தது. மகள் சரியென்றால் இவள் ஒருத்தி எத்தனை நாள் தாக்குப்பிடிப்பாள் என்பது அவன் எண்ணம். மறுநாள் காலையிலேயே சுமலதா போன் பண்ணினாள்.

"சித்தப்பா எல்லாம் சொன்னாரும்மா. நீ கெளம்பி வா. இங்க உனக்கு ரூம் ரெடி பண்றோம். வந்து பாரேன்."

சுமலதாவுக்கு வாழ்க்கைப்பட்ட இடம் கோரிமேடு. பெரியாஸ்பத்திரிக்குப் பின்னால் ஒரு சின்ன வாடகை வீடு. புருஷனுக்குத் தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனியில் வேலை. அமிர்தவல்லி மார்க்கெட்டை முடித்துக்கொண்டு, நோயாளிகளும் சாப்பாட்டுத் தூக்குகளும் நெருக்கியடித்த பஸ்ஸில் அங்கே போய் இறங்கினாள். போனால், ஹாலில் பாதியை ஜிப்சம் போர்டு போட்டு மறித்துக்கொண்டிருந்தான் ஓர் ஆள். கம்பிச் சட்டம் நிறுத்தி, அதன்மேல் வெள்ளைப் பலகையை வைத்துத் திருகாணி முடுக்கிக்கொண்டிருந்தான். பெண்ணும் மருமகனும் நல்ல மனசோடுதான் செய்தார்கள், அதைக் குறை சொல்லக்கூடாது.

அமிர்தவல்லி போய் விரலை மடக்கிப் பலகையைத் தட்டினாள். டொக்கு டொக்கு என்றது.

"உள்ள ஒண்ணும் இல்லியா?"

"காலிதாம்மா. சட்டம் மட்டும்தான். இப்ப எல்லாம் ஆபீசுல பூரா இதான். ஒரு நாள்ல வேல முடிஞ்சிரும்" என்றான் அவன், பெருமையாக.

"இதுல ஒரு ஆணி அடிச்சிப் படம் மாட்டணும்."

"சும்மா ஆணி நிக்காதும்மா. அதுக்குத் தனி திருகு இருக்குது. ஆனா கண்ணாடி போட்ட பெரிய படம்னா நான் பொறுப்பு இல்ல. லேசான படமா இருந்தா ஒட்டற கொக்கி போதும்."

"அவரு லேசான ஆளு இல்ல" என்றாள் அமிர்தவல்லி.

பிறகு மகளைப் பார்த்துத் திரும்பினாள். "நல்லாத்தான் இருக்குது. ஐஸ் பொட்டி மாதிரி. என்ன மீனுன்னு நெனச்சியா, உள்ள வெச்சி மூட?"

சுமலதாவுக்குப் பொலபொலவென்று கண்ணீர் வந்துவிட்டது. "உனக்கு எல்லாம் வெளையாட்டு. தளம் உன் தலையில வுழுந்தா நான் என்னம்மா பண்ணுவேன்? எனக்கு யாரு இருக்கா?"

அமிர்தவல்லிக்கும்தான் வேறு யார் இருக்கிறார்கள். மகளின் முகத்தை முந்தானையால் துடைத்துவிட்டாள்.

"ஞாயித்துக்கெழம நீ அங்க வா. ஒரு மேஸ்திரிய வெச்சிப் பாப்போம். நெசமாவே வுழுந்துரும்னா, நானே துணிய மூட்ட கட்றேன். எங்க காட்டறியோ அங்க கையெழுத்தும் போடறேன். வுழாதுன்னா, அந்தப் பேச்ச அதோட வுட்டுரணும். உங்க சித்தப்பனும் வுட்டுரணும்."

வாக்கு கொடுத்துவிட்டாள். பஸ்ஸில் திரும்பும்போதுதான் யோசித்தாள். ஒருவேளை நிஜமாகவே விழுந்துவிடும் என்றால்? மீன் என்றால் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். சிமெண்டைப் பற்றி அவளுக்கு என்ன தெரியும்?

மேஸ்திரியைத் தேடும் வேலையே இல்லாமல் போயிற்று. வெற்றிவேலே ஞாயிற்றுக்கிழமை பாவாடை மேஸ்திரியைக் கூட்டிக்கொண்டு வந்து நின்றான். அந்தப் பக்கத்தில் பாதி வீடுகளுக்குப் பூச்சு வேலை பாவாடைதான். கடலூர் ரோட்டு டீக்கடை முன்னால் காலையில் வேலைக்கு நிற்கிற ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அவரிடம் வேலை செய்கிறவர்கள். கனத்த உடம்பு, நெற்றி நிறைய விபூதி, தோளில் துண்டு. சுமலதாவும் வந்திருந்தாள். வெற்றிவேல் வழக்கம்போல் வாசற்படிக்கு வெளியே.

பாவாடை ஒரு கம்பை வாங்கித் தளத்தில் நாலு இடத்தில் தட்டினார். கறுப்புத் திட்டிலிருந்து ஒரு கட்டி பொத்தென்று விழுந்து உடைந்தது. சுமலதா அம்மாவின் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். பாவாடை தலையை ஆட்டினார், உச்சுக்கொட்டினார், சுவரைத் தடவினார், மறுபடியும் தலையை ஆட்டினார்.

"தேறாதும்மா. கம்பி பூரா துரு தின்னுருச்சி. இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்குது. பூசி வெச்சாலும் நிக்காது. இடிச்சிட்டுத்தான் கட்டணும்."

"கேட்டுக்கிட்டீங்களா அண்ணி" என்றான் வெற்றிவேல் வாசலிலிருந்து. "நான் சொன்னா பொல்லாப்பு. தொழில் தெரிஞ்சவரு சொல்றாரு." அவனுக்குப் போன் வந்தது. பில்டராகத்தான் இருக்க வேண்டும், பேசிக்கொண்டே தெருக்கோடிக்குப் போனான். அப்படியே பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பியும் விட்டான். காரியம் முடிந்தது என்ற தைரியம்.

சுமலதா அம்மாவைப் பார்த்தாள். அமிர்தவல்லிக்குத் தான் கொடுத்த வாக்கு ஞாபகம் வந்தது. ஆனால் பன்னிரண்டு மணி வெயிலில் வீட்டுக்கு வந்த மனுஷனைச் சோறு போடாமல் அனுப்பும் பழக்கம் அவளுக்கு இல்லை, அவன் எமனாகவே இருந்தாலும்.

"மேஸ்திரி, கொடுவாக் குழம்பு வெச்சிருக்கேன். வறுவலும் இருக்குது. ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க."

"வேணாம்மா, வூட்ல…" என்று இழுத்தார் பாவாடை. அடுப்படியிலிருந்து வந்த வாசனை அவரை அதற்கு மேல் பேச விடவில்லை.

சுமலதா தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹாலுக்கு வரமாட்டேன் என்றாள். பாவாடைக்கு அமிர்தவல்லி வாசல் ஓரமாகப் பாய் போடப் போனாள். அவர் அதற்குள் ஃபேனுக்கு நேர் கீழே, சற்று முன்பு கட்டி விழுந்த இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். காற்று அங்கேதானே வரும். அமிர்தவல்லி ஒரு கணம் அவரைப் பார்த்தாள், தளத்தைப் பார்த்தாள். பாயைச் சுருட்டி வைத்துவிட்டு, அங்கேயே இலையைப் போட்டாள்.

மனுஷன் சும்மா சாப்பிடவில்லை, ரசித்துச் சாப்பிட்டார். தலைத் துண்டை உறிஞ்சி முடித்து, இன்னொரு தடவை சோறு வாங்கி, குழம்பை ஊற்றிப் பிசைந்து, இலையை வழித்து எழுந்தார். ஒரு தடவையாவது மேலே பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்தார். கட்டட வேலை செய்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மத்தியானம் சாப்பிட்டானதும் இருக்கிற இடத்தில் துண்டை விரித்துக் கொஞ்சம் கண்ணசருவார்கள். மண்மேடானாலும் சரி, மூட்டை மேலானாலும் சரி. உடம்பு தானாகச் சாய்ந்துவிடும், மூளையைக் கேட்காது. பாவாடையின் உடம்பும் அப்படியே சாய்ந்தது. அந்தக் கறுப்புத் திட்டுக்கு நேர் கீழே மல்லாந்து படுத்து, வயிற்றின்மேல் இரண்டு கைகளையும் கோத்துக்கொண்டு, சிறிது நேரத்தில் குறட்டை விட ஆரம்பித்தார்.

அமிர்தவல்லி சத்தமில்லாமல் அடுப்படிக்குப் போய் மகளின் தோளைத் தொட்டாள். வாய்மேல் விரலை வைத்துக் கூட்டிவந்து ஹாலைக் காட்டினாள். சுமலதா பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டாள்.

அமிர்தவல்லி பாவாடையின் தலைமாட்டில் குந்தினாள்.

"மேஸ்திரி. எழுந்திரிங்க. தளம் வுழுவுது."

அவர் கண்ணைக்கூடத் திறக்கவில்லை. "அட, அது எங்கம்மா வுழப்போவுது" என்றார் தூக்கக் குரலில். "மேல் காரதான் போயிருக்குது. கொத்திட்டுப் பூசுனா உங்க பேரன் காலத்துக்கும் நிக்கும்." சொல்லிவிட்டு ஒருக்களித்துப் படுக்கப் போனவர், பாதியில் நின்றார். கண்ணைத் திறந்தார். தலைமாட்டில் அம்மாவும் மகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுந்து உட்கார்ந்தார். முகத்தில் ஈயாடவில்லை.

"எனக்குச் சிமெண்டப் பத்தி ஒண்ணும் தெரியாது மேஸ்திரி" என்றாள் அமிர்தவல்லி. "ஆளப் பத்தித் தெரியும். ரெண்டு தரம் சோறு வாங்கித் தின்னுட்டு, இன்னைக்கோ நாளைக்கோன்னு நிக்கிற தளத்துக்குக் கீழ கொறட்ட வுட்டீங்களே, அப்பவே தெரிஞ்சி போச்சி."

பாவாடை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். கடைசியில் சொல்லிவிட்டார். வெற்றிவேல்தான் அப்படிச் சொல்லச் சொன்னான். அடுக்குமாடி வந்தால் பூச்சு வேலை முழுவதும் பாவாடைக்கு என்று பேச்சு. "புள்ளைங்கள வெச்சிக்கிட்டு இருக்கேன்மா. வெற்றிவேல் அண்ணன்கிட்ட மட்டும் சொல்லிராதீங்க."

"சொல்லல. நீங்களே வந்து பூசிக் குடுத்துருங்க."

"அது மட்டும் என்னால முடியாதும்மா" என்று கும்பிட்டுவிட்டுப் போய்விட்டார்.

சுமலதாவுக்கு அப்போது வந்த கோபம் அவள் அம்மாவின் மகள்தான் என்று காட்டியது. சித்தப்பாவை அங்கேயே போனில் பிடித்து நாலு கேள்வி கேட்கிறேன் என்று நின்றாள். அமிர்தவல்லிதான் போனைப் பிடுங்கினாள். சொல்ல மாட்டேன் என்று வாக்கு கொடுத்தாயிற்று. அதோடு, வாயால் கேட்டு என்ன ஆகப்போகிறது, சுவர் அப்படியேதானே இருக்கிறது.

சுவரைப் பூச ஆள் தேடினாள். அங்கேதான் முடிச்சு விழுந்தது. முதலியார்பேட்டையிலிருந்து ஒருத்தர் வருகிறேன் என்று சொல்லி, விலாசம் கேட்டதும் போனை வைத்துவிட்டார். இன்னொருத்தர் வாசல் வரை வந்து, "பாவாடை மேஸ்திரி பாத்த வூடா?" என்று கேட்டுத் திரும்பிப் போனார். ஒரு மேஸ்திரி பார்த்துப் பேசின வீட்டில், தனக்கு அந்த வேலை வேண்டாம் என்று அவர் வாய்விட்டுச் சொல்லாமல், இன்னொரு மேஸ்திரி பூச்சுக் கரணையை எடுக்க மாட்டார். அது அவர்களுக்குள் இருக்கிற கட்டு. அமிர்தவல்லியிடம் முடியாது என்ற பாவாடை, மற்ற மேஸ்திரிகளிடம் வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. வெற்றிவேல் மட்டும் தெருவில் பார்க்கிறவர்களிடமெல்லாம், "எங்க அண்ணி வூட்டுல வேல செய்ய ஒருத்தனும் துணியமாட்டன்றான்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். தெவசம் நெருங்கிக்கொண்டிருந்தது.

அமிர்தவல்லி யோசித்துப் பார்த்தாள். பாவாடையைத் தவிர வேறு யாரும் வரமாட்டார்கள் என்றால், அவர்தான் வர வேண்டும். அதிலென்ன குழப்பம்?

மறுநாள் காலை ஏலம் முடிந்ததும் மார்க்கெட்டுக்குப் போகாமல், கூடையோடு கடலூர் ரோட்டு டீக்கடை முன்னால் போய் இறங்கினாள். வேலைக்கு நிற்கிற ஆட்கள் அங்கே கூட்டமாக டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரிகள் ஒரு பக்கம், சித்தாள் பெண்கள் ஒரு பக்கம். நடுவில் பாவாடை. அவளைப் பார்த்ததும் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"எல்லாரும் கொஞ்சம் கேளுங்க" என்றாள் அமிர்தவல்லி. ஏலத் திடலில் படகு எஞ்சின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கிற குரல். "எங்க வூட்டுத் தளம் வுழுந்துரும்னு ஒரு பெரிய மேஸ்திரி சொல்லிட்டாரு. சொல்லிட்டு, அதே தளத்துக்குக் கீழ உக்காந்து கொடுவாக் குழம்பு ஊத்திச் சாப்பிட்டாரு. சாப்பிட்டுட்டு அங்கயே படுத்துத் தூங்கிட்டாரு. எழுப்பிவுட்டா, அது எங்க வுழப்போவுதுன்னு தூக்கத்துலயே சொல்றாரு. முழிச்சா ஒரு பேச்சு, தூங்குனா ஒரு பேச்சு. எனக்குத் தூங்கறப்ப பேசற மேஸ்திரிதான் வேணும். யாருக்காவது அவரத் தெரியுமா?"

யார் என்று அவள் சொல்லவே இல்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை. சித்தாள் பக்கம் கலைவாணி என்கிற பெண்தான் முதலில் சிரித்தாள். பாவாடையிடமே வேலை செய்கிறவள், அவருடைய மத்தியானத் தூக்கம் அவளுக்குத் தெரியாததா? அப்புறம் அந்த முனையே சிரித்தது. டீக்கடைக்காரர் பாலை ஆற்றுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். பாவாடை எழுந்து வந்தார். காது மடல்கூடச் சிவந்திருந்தது.

"சொல்ல மாட்டேன்னீங்களேம்மா."

"வெற்றிவேலுகிட்ட சொல்ல மாட்டேன்னேன். இன்னைக்கு வரைக்கும் சொல்லல. ஊருக்குச் சொல்ல மாட்டேன்னு சொன்னேனா?"

அமிர்தவல்லி குரலை இறக்கினாள். "மேஸ்திரி, நான் உங்கள அசிங்கப்படுத்தணும்னு வரல. எனக்கு வேற வழி வெக்கல நீங்க. அந்த வூடு போனா எனக்கு ஒரு பலகப் பொட்டிதான். நான் அதுல போய் உக்காரமாட்டேன். உங்களுக்குப் பூச்சு வேல வேணும்னா எங்கிட்டயே இருக்குது. வாங்க."

திங்கட்கிழமை காலை கூலியாட்களோடு பாவாடை வந்து சேர்ந்தார். கலைவாணி தலையில் சல்லடையோடு பின்னால் வந்தாள். கூலி எவ்வளவு என்று கேட்டு, அவர் சொன்னதைப் பேரம் பேசாமல் அமிர்தவல்லி ஒத்துக்கொண்டாள். மார்க்கெட்டில் யாரிடமாவது இதைச் சொன்னால் நம்பமாட்டார்கள்.

வேலை என்று இறங்கினால் பாவாடை வேலைக்காரர்தான். சாரம் கட்டி, கறுப்புத் திட்டைச் சுற்றிப் பொரிந்ததையெல்லாம் கொத்தி எடுத்தார். இரண்டு இடத்தில் கம்பி துருவேறியிருந்தது. தேய்த்துச் சுத்தம் பண்ணி, துருவுக்கு மருந்தடித்து, கலவையை வீசி அப்பினார். உப்பு பூத்த சுவரில் செங்கல் தெரிகிறவரைக்கும் உரித்துவிட்டுப் புதுக் காரை பூசினார். அதற்கப்புறம் தண்ணீர் காட்ட வேண்டியது அமிர்தவல்லியின் பொறுப்பு. மார்க்கெட்டுக்குப் போகுமுன்னும் வந்த பின்னும் குழாயைப் பிடித்துச் சுவரை நனைத்தாள். வீடெல்லாம் ஈர சிமெண்ட் வாசனை. அது மீன் வாசனையோடு சேர்ந்து எப்படி இருந்திருக்கும் என்று கேட்காதீர்கள். அவளுக்குப் பிடித்திருந்தது.

வெற்றிவேல் தன் வாசலில் நின்று பாவாடையை முறைத்தான். பாவாடை சாரத்தின்மேல் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டார்.

தெவசத்தன்று காலையிலேயே சொந்தக்காரர்கள் வந்துவிட்டார்கள். சுவருக்கு வெள்ளை அடித்தாயிற்று. தணிகாசலத்தின் படத்துக்குப் புதுக் கண்ணாடி போட்டு, மாலை சாத்தி, நாற்காலியில் வைத்திருந்தாள். ஹால் முழுக்க, தளத்துக்குக் கீழே, ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். சுமலதா சுறாப்புட்டைக் கிளறிக்கொண்டிருந்தாள். பாவாடையும் வந்திருந்தார், கூப்பிட்டிருந்தாள். கலைவாணி அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "மேஸ்திரி, சாப்பிட்டுட்டு இங்கயே படுத்துக்கலாம், பயம் இல்ல" என்று சொன்னதற்கு அவரே சிரித்துவிட்டார்.

வெற்றிவேல் வராமல் இருக்க முடியாது. கூடப்பிறந்த அண்ணனுக்குத் தெவசம். வராவிட்டால் வந்தவர்கள் வாய் சும்மா இருக்காது. வந்தான். வாசற்படியில் நின்றான்.

"உள்ள வாங்க கொழுந்தனாரே" என்றாள் அமிர்தவல்லி. "உங்களுக்காகத்தான் எல்லாரும் காத்துக்கிட்டு இருக்கோம். அண்ணன் படத்த நீங்கதான் மாட்டணும்."

சுத்தியலையும் ஓர் ஆணியையும் நீட்டினாள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். வெற்றிவேலுக்கு வேறு வழியில்லை. உள்ளே வந்து, சுவரின் நடுவில் ஆணியை வைத்தான்.

"நடுவுல வேணாம். கொஞ்சம் ஓரமா."

நகர்த்தி வைத்தான். சுத்தியலை ஓங்கியவன், ஏதோ முட்டையை உடைக்கிறவன் மாதிரி மெல்ல ஒரு தட்டுத் தட்டினான்.

"இப்படித் தட்டுனா எறங்குமா?" என்றாள் அமிர்தவல்லி. "பலமா அடிங்க. எவ்வளவு பலம் இருக்குதோ அவ்வளவும் போட்டு அடிங்க. வுழுந்துரும்னு ஊரு பூரா சொன்னீங்களே. வுழட்டும், பாப்போம். நாங்க எல்லாம் கீழதான் உக்காந்திருக்கோம்."

வெற்றிவேலின் கழுத்து நரம்பு புடைத்தது. அவமானமோ ஆத்திரமோ, ஓங்கி அடித்தான். இன்னொன்று அடித்தான். இன்னும் ஒன்று. ஆணி நேராக உள்ளே இறங்கியது. சுவரிலிருந்து ஒரு தூசிகூட உதிரவில்லை. சுமலதா படத்தைத் தூக்கிக் கொடுத்தாள், அவனே மாட்டினான். தணிகாசலம் பழைய சுவரிலிருந்து சிரித்தான்.

வெற்றிவேல் சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தான். அவன் கண் படத்துக்குப் பக்கத்தில் காலியாக இருந்த சுவருக்குப் போனது.

"எதுக்கு அண்ணி ஓரமா அடிக்கச் சொன்னீங்க? நடுவுல இருந்தா எடுப்பா இருந்திருக்கும்."

அமிர்தவல்லி முந்தானை முடிச்சை அவிழ்த்து இன்னோர் ஆணியை எடுத்தாள். அதே நீளம், அதே கனம்.

"அவருக்குப் பக்கத்துல எனக்கு எடம் வேணும்ல. இது என் படத்துக்கு. அடுப்படி மாடத்துல போட்டு வெச்சிருப்பேன். நான் செத்த பெறவு வந்து நீங்களே அடிங்க. அது வரைக்கும் இந்த வூட்டு வெலய எங்கிட்ட பேசாதீங்க."

ஆணியை மறுபடியும் முடிந்துகொண்டாள்.

"உக்காருங்க, எல போடறேன்" என்றாள்.